இரண்டாம் குளத்துப் பலகை

கௌஹு
ஆகஸ்ட் 12

சோங்-யென்,

இந்தக் காலத்தில் உன் அக்கா கையால் எழுதித் தபாலில் போடுகிறாளே என்று நீ சிரிக்கலாம். போனில் பேச எனக்கு விருப்பமில்லை. செய்தி அனுப்பவும் விருப்பமில்லை. அது உன் கைக்கு வருகிற வழியில் யார் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உறையை யாராவது பிரித்தால் பசை காட்டிக்கொடுக்கும்.

ஜூலை 23 அன்று என்ன நடந்தது என்று மூன்று முறை கேட்டாய். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் குளத்துக்குக் காற்றுக் கொடுக்கிற நீர்ச்சக்கரச் சத்தம் நின்றது. ஓடுகிறபோது அந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்காது, நின்றால்தான் எழுப்பிவிடும். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டாம் குளத்தில் நாலு சக்கரமும் சும்மா நிற்கிறது. மடவை மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. நீ உன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கரையில் மாட்டிவிட்டுப் போன அந்தக் கணினிப் பலகை, தானே அணைந்து தானே எழுந்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து கையால் சுவிட்சைப் போட்டேன். அதற்குள் கரையோரம் வெள்ளையாகிவிட்டது. மூன்று வருஷம் வளர்த்த மீன். இன்னும் நாலு மாதத்தில், விலை போகிற சினை முத்தியிருக்கும்.

அதுவரை விபத்து என்றே வைத்துக்கொள்கிறேன். என் கால் சேறு காய்வதற்குள் மீன் தரகர் லியாவ் போன் செய்தார்.

"பி-யுன் அக்கா, ரெண்டாம் குளத்துல மூச்சு முட்டுதாமே? செத்த மீன யாரு வாங்குவா? இப்பவே வலையப் போட்டுரு, நான் வண்டி அனுப்புறேன்."

யார் சொன்னது என்று கேட்டேன். ஊரில் பேசிக்கொண்டார்கள் என்றார். அந்த நேரத்தில் ஊரில் விழித்திருந்தது நானும் மீனும்தான். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இந்த வருஷம் நீரில் காற்று குறைந்த ஒவ்வொரு தடவையும் அரை மணிக்குள் அந்த ஆள் கூப்பிட்டிருக்கிறார். குளம் திணறுவது பலகைக்குத் தெரியும். பலகைக்குள் என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். வேறு யாரைக் கேட்பேன்?

இணையக் கம்பியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். பலகை இப்போது ஊமையாகச் சக்கரத்தை மட்டும் ஓட்டுகிறது. கடல்தொழில் பள்ளியில் கணினி சொல்லித் தருகிற ஷீ டீச்சர் ஒன்று சொன்னார். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய திறந்த மூல இயங்குதளங்கள் இருக்கின்றனவாம், சும்மாவே கிடைக்குமாம். உங்கள் கம்பெனி போட்டதை எடுத்துவிட்டு அதைப் போட வேண்டும். இந்தப் பலகையில் அது ஓடுமா, எப்படி ஏற்றுவது? பதிலைத் தாளில் எழுது. நேரில் வராதே.

பி-யுன்


ஷின்ச்சு
ஆகஸ்ட் 20

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படிக்க முடியவில்லை. வெளியே வந்து, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று படித்தேன்.

நான் உன் தம்பி. இரண்டு வருஷம் முன்னால் அத்தான் இறந்தபோது அந்த நான்கு குளத்தையும் நீ தனியாக எப்படிப் பார்ப்பாய் என்று யோசித்துத்தான் அந்தப் பலகைகளைக் கொண்டுவந்தேன். லியாவுக்கு நான் எதற்காகச் சொல்ல வேண்டும்? அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை.

ஓடுமா என்று கேட்டாய். ஓடும். அந்தப் பலகையில் இருக்கும் சில்லுக்கு உலகம் முழுக்க ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவசரப்படாதே என்றுதான் சொல்வேன். எங்கள் அமைப்பில் எல்லாம் ஒத்திகை பார்த்துப் பொருத்தியது. புதியதில் சக்கரங்களை நீயே ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டியிருக்கும். இன்னொன்று, இந்த ஷீ டீச்சர் யார்? ஊரில் இருந்தவரை இப்படி ஒரு பெயர் கேட்டதில்லை. எங்களோடு போட்டி போடுகிற கம்பெனிகள் பள்ளிக்கூடங்கள் வழியாகத்தான் நுழைகின்றன. நீ எழுதியிருக்கிற கேள்வி உன் கேள்வி மாதிரி இல்லை. அவர்கள் சொல்லி நீ எழுதியது மாதிரி இருக்கிறது.

சரி. குளத்துப் பலகையைத் தொடாதே, கொட்டகையில் இருக்கும் மாற்றுப் பலகையில் முதலில் செய். இயங்குதளத்தை இறக்கி, ஒரு மெமரி கார்டில் எழுதி, பலகையின் அடியில் செருகி, மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பின் பக்கத்திலேயே நீளமான ஓர் எண் போட்டிருப்பார்கள். இறக்கிய கோப்பைக் கணக்கிட்டால் அதே எண் வர வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னை நம்ப வேண்டாம், அந்த எண்ணை நம்பு.

உனக்கு வேலை குறையட்டும் என்று நானே ஒரு கார்டு தயார் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். அரிசிச் சேமியா இரண்டு பொட்டலமும் வைத்திருக்கிறேன்.

சோங்-யென்


கௌஹு
ஆகஸ்ட் 30

சோங்-யென்,

சேமியா கிடைத்தது. கார்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், செருகிப் பார்க்கவில்லை. நான் கேட்டது வழி. நீ அனுப்பியது பூட்டிய பெட்டி.

ஷீ டீச்சர் யார் என்று கேட்டாய். கீலுங்கிலிருந்து மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. ஐம்பது வயசு இருக்கும். கொஞ்சம் கெந்தி நடப்பார். எந்தக் கம்பெனிக்காரனும் அவருக்கு ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை என்று நினைக்கிறேன், அவ்வளவு சிடுசிடுப்பு. உன் கடிதத்தைக் காட்டினேன். "உங்க தம்பி அந்த நம்பர் விஷயத்துல சரியாத்தான் சொல்லியிருக்காரு. கார்டு ஏன் அனுப்புனாருன்னுதான் புரியல" என்றார்.

பள்ளியில் உட்கார்ந்து நாங்களே இறக்கினோம். எண்ணை அவர் படிக்க, நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். அறுபத்துநாலு எழுத்தும் ஒத்துப்போனது. கார்டில் எழுதி, மாற்றுப் பலகையில் செருகி, மின்சாரம் கொடுத்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் என்ன வந்தது தெரியுமா? உங்கள் கம்பெனியின் நீல வட்டம். அதே பழைய முகம். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதேதான். புதுக் கார்டைச் செருகியும் பழையது எழுந்து வருகிறது என்றால் என்ன அர்த்தம்? வேறு எதையும் ஓடவிடாதபடி செய்து வைத்திருக்கிறீர்களா? அதை முதல் கடிதத்திலேயே ஏன் சொல்லவில்லை?

இன்னொரு செய்தி. கம்பியை வெட்டிய நாளிலிருந்து லியாவ் எனக்கு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. இதே பலகைதான் எதிர்க்கரையில் கின்-ஷுய் அண்ணன் குளத்திலும் இருக்கிறது, கம்பியோடு. அவருக்குப் போன வாரம் இரண்டு தடவை போன் வந்தது.

பி-யுன்


ஷின்ச்சு
செப்டம்பர் 6

அக்கா,

பூட்டு எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டது என் தப்புதான்.

பலகையின் மேலேயே ஒட்டிய சின்ன சேமிப்புச் சில்லு ஒன்று இருக்கிறது. எங்கள் அமைப்பு அதில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் அங்கேதான் தேடும். அங்கே கிடைத்துவிட்டால் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பலகையின் ஓரத்தில், விசிறிக் கம்பிக்குப் பக்கத்தில், மிளகு அளவில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரம் கொடு. இரண்டு எண்ணி விடு. அந்த நேரத்துக்கு உள் சில்லு அதன் கண்ணுக்குத் தெரியாது, கார்டுக்குப் போகும்.

திரையை நம்பாதே. திரை கடைசியில்தான் பேசும். பலகை முதல் நொடியிலிருந்து என்ன சொல்கிறது என்று கேட்க மூன்று கம்பி போதும். யூ.எஸ்.பி. தலை வைத்த கம்பி டீச்சரிடம் இருக்கும். கறுப்பு, எர்த் காலுக்கு. மற்ற இரண்டும், பலகையில் ஊசிபோல் நிற்கிற கால்களில், குறுக்காக. அது பேசுகிற கால் இதன் கேட்கிற காலுக்கு, இதன் பேசுகிற கால் அதன் கேட்கிற காலுக்கு. சிவப்புக் கம்பியை எங்கேயும் கொடுக்காதே, பலகை கருகிவிடும்.

எழுந்து வந்ததும் முதல் வேலையாக அந்த உள் சில்லை முழுவதும் அழித்துவிடு. கட்டளையைக் கீழே கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். குளத்துப் பலகைகளுக்கும் அதே மாதிரிதான். அதை அழிக்காமல் எதுவும் செய்யாதே. ஒரு துளியும் மிச்சம் வேண்டாம். இருந்தால் மறுபடியும் அதுவே எழுந்துகொள்ளும்.

கின்-ஷுய் அண்ணனிடம் இதைப் பற்றிப் பேசினாயா? இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் கம்பெனியில் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவன். இந்தக் கடிதங்களை டீச்சர் எங்கே வைக்கிறார்?

சோங்-யென்


கௌஹு
செப்டம்பர் 18

சோங்-யென்,

கடிதங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. டீச்சர் படித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மூன்று கம்பியையும் நீ சொன்னபடி மாட்டினோம். திரை முழுக்கக் குப்பை வந்தது. கட்டம், கேள்விக்குறி, கிரேக்க எழுத்து. வேண்டுமென்றே தப்பாக எழுதி அனுப்பியிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன், டீச்சரிடம் சொல்லவும் சொல்லிவிட்டேன். அவர் அரை நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தார். கேட்கிற வேகத்தை நாங்கள் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு என்று வைத்திருந்தோம். உங்கள் பலகை பதினைந்து லட்சத்தில் பேசுகிறது. அதை நீ எழுதவில்லை. மறந்தாயா என்று கேட்கவில்லை. மறந்தேன் என்றுதான் சொல்வாய்.

வேகத்தை மாற்றியதும் வரி வரியாக ஓடியது. இத்தனை நினைவகம் கண்டேன், கார்டைக் கண்டேன், விசிறியைக் கண்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் நின்றது. நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். பிறகு மறுபடி ஓடி, கடைசியில் பெயர் கேட்டது. கடவுச்சொல் வைக்கச் சொன்னது. டீச்சர் தானாகவே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வைத்துவிட்டேன்.

ஐம்பத்தாறு வயசில் இதெல்லாம் எதற்கு என்று இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்து இரண்டாம் குளத்துப் பலகைக்கும் அதையே செய்தோம். பகல் வெயிலில், டீச்சர் கைச்சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ள. எழுந்துவிட்டது. ஆனால் முதல் சக்கரத்தைச் சுற்று என்றால் மூன்றாவது சுற்றுகிறது, இரண்டாவதைச் சொன்னால் ஒன்றுமே அசையவில்லை. எந்தக் கால் எந்தச் சக்கரம் என்று எழுது.

உள் சில்லை நான் அழிக்கவில்லை. எதையும் அழிப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்கிறார் டீச்சர். கார்டு ஓடுகிறபோது அந்தச் சில்லைச் சும்மா திறந்து படிக்க முடிகிறதாமே. உன் கடிதத்தில் சக்கரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, அழிப்பதைப் பற்றி ஏழு வரி இருக்கிறது. எண்ணினேன். உனக்கு ஏன் இத்தனை அவசரம்?

பி-யுன்


ஷின்ச்சு
செப்டம்பர் 24

அக்கா,

கால்களின் பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பழைய அமைப்பு அவற்றுக்குத் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்திருந்தது. புதியதில் சில்லின் உண்மையான எண்ணே வரும். இந்தத் தாளில் தப்பு இல்லை. நான்கு முறை பார்த்தேன்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய். சக்கரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயில் இரண்டு பக்கம் இருக்கிறது. இப்போது பலகை உத்தரவு கொடுத்தால்தான் சக்கரம் சுற்றும்படி மாட்டியிருக்கிறது. மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு அதை மறுபக்கத்துக்கு மாற்றச் சொல். பலகை "நில்" என்றால் மட்டும் நிற்க வேண்டும். அது அணைந்தாலும் செத்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் நாளே நான் இப்படி மாட்டியிருந்தால் ஜூலை 23 இல்லை.

மழை மேகம் கட்டுகிற மாதம் இது. பகலில் வெயில் இல்லாவிட்டால் மறுநாள் விடியற்காலையில் நீரில் காற்று குறையும், கவனமாக இரு.

அந்தச் சில்லில் பார்க்க ஒன்றுமில்லை அக்கா. வெறும் நிரல். அழித்துவிடு.

சோங்-யென்


கௌஹு
அக்டோபர் 3

திரு. கே சோங்-யென் அவர்களுக்கு,

ரிலேயை மாற்றியாகிவிட்டது. சக்கரங்கள் சரியாகச் சுற்றுகின்றன. தாளில் தப்பு இல்லை.

சில்லைத் திறந்து பார்த்தோம். பெரும்பாலும் டீச்சருக்கே படிக்க முடியாத கோப்புகள். ஒன்று மட்டும் வெறும் எழுத்தில் இருந்தது. பத்து வரிதான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீரின் காற்று, வெப்பம், உப்பு மூன்றையும் ஷின்ச்சுவில் ஒரு முகவரிக்கு அனுப்பு என்று இருந்தது. காற்று நான்குக்குக் கீழே போனால் காத்திருக்காமல் உடனே அனுப்பு.

அந்தப் பத்து வரிக்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிப் போகிற குறிப்பு ஒன்று. டீச்சர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பாதியில் குரலைக் குறைத்துக்கொண்டார்.

"அக்கா குளம். அவளிடம் சொல்ல வேண்டாம். — சோ.யெ."

இதைத்தான் அழிக்கச் சொன்னாயா?

அன்றே எதிர்க்கரைக்குப் போய்க் கின்-ஷுய் அண்ணன் பலகையைத் திறந்தோம். அவர் குளத்தில் என் பெயர் எதற்கு? அங்கேயும் அதே பத்து வரி. அதே குறிப்பு. "அக்கா குளம்."

கே பி-யுன்


ஷின்ச்சு
அக்டோபர் 11

அக்கா,

இதை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இனி கிழிக்கப்போவதில்லை.

அந்தப் பத்து வரி நான் எழுதியது. அத்தான் கரையில் விழுந்து கிடந்ததை வெயில் ஏறிய பிறகுதான் பார்த்தோம் என்று நீ சொன்னாய் அல்லவா. காரியம் முடிந்து ரயிலில் திரும்பும்போது எனக்கு அது ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. நீ யாரிடமும் உதவி கேட்க மாட்டாய். ஒவ்வொரு நாளும் போன் செய்தால் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் பலகையை மாட்டுவதற்கு முந்தின நாள் அதை எழுதினேன். குளம் திணறினால் என் போன் ஒலிக்கும். கையால் கூடுதல் சக்கரம் போட்டு எண் மேலே ஏறினால், நீ எழுந்து நடமாடுகிறாய் என்று தெரிந்துகொள்வேன். மீட்டிங்கில் உட்கார்ந்து உன் குளத்தின் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கென்று தனியாகச் சர்வர் இல்லை. கம்பெனியுடையதில் ஒரு மூலையைப் பயன்படுத்தினேன்.

பலகை மாட்டி ஏழாவது மாதம் மேலாளர் அதைக் கண்டுபிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தோளைத் தட்டினார். "இத நீயே செஞ்சியா? நல்லா இருக்கே. எல்லாப் பலகையிலயும் இருக்கட்டும்" என்றார். யாரோ அப்படியே நகலெடுத்து அடுத்த வெளியீட்டில் போட்டார்கள். மேலே இருந்த குறிப்பைக்கூட எடுக்கவில்லை. அதனால்தான் கின்-ஷுய் அண்ணன் குளத்திலும் உன் பெயர்.

போன குளிர்காலத்தில்தான் அந்த எண்கள் வெளியே விற்கப்படுவது தெரிந்தது. நீர்த்தரச் சேவை என்று பெயர். வாங்குகிறவர்களில் மீன் தரகர்கள் சங்கம் ஒன்று இருந்தது. யார் குளம் எப்போது திணறுகிறது என்று தெரிந்தால் எப்போது போன் செய்து அடிமாட்டு விலைக்குக் கேட்கலாம் என்றும் தெரியும். எனக்கு அது புரிந்தது. அந்த மாதம்தான் என்னைக் குழுத் தலைவன் ஆக்கினார்கள். வாயை மூடிக்கொண்டேன். லியாவ் முகம்கூட நினைவில்லை என்று உனக்கு எழுதியது பொய் இல்லை. அவரைப் போன்றவர்கள் இருப்பது தெரியாது என்று நீ எடுத்துக்கொள்ளும்படி எழுதியது பொய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஜூலை 23 அன்று பலகைகளுக்குப் புதிய பதிப்பு அனுப்பப்பட்டது. அதை ஏற்றும்போதுதான் உன் பலகை அணைந்து அணைந்து எழுந்தது. நேரம் குறித்தது நான். யாரும் வேலை செய்யாத நேரம் என்று விடியற்காலை நாலு மணியைத் தேர்ந்தெடுப்பது எங்கள் அலுவலக வழக்கம். நீரில் காற்று மிகக் குறைவாக இருக்கிற நேரம் அதுதான். குளக்கரையில் பிறந்தவன் நான். எனக்கு அது ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை.

நீ என்மேல் சந்தேகப்பட்டது சரி. டீச்சர் மேல் நான் சந்தேகப்பட்டது, என் தப்பை யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயத்தில்.

சோங்-யென்


கௌஹு
அக்டோபர் 21

சோங்-யென்,

ஐந்து நாள் பதில் எழுதவில்லை. எழுதினால் அசிங்கமாக எழுதியிருப்பேன்.

நீ கவலைப்பட்டாய் என்பதை நம்புகிறேன். அதில்தான் எனக்குக் கோபமே அதிகம். லியாவ் திருடினால் திருடன் என்று தள்ளிவிடலாம். நீ இரண்டு வருஷம் என் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் நன்றாக இருக்கிறேனா என்று. அந்த ஓட்டை வழியாகத்தான் மற்றவர்களும் வந்தார்கள். கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை.

இந்தப் பலகை மொத்தம் பதினோரு வீட்டுக் குளங்களில் இருக்கிறது. ஏழு வீட்டில் நானும் டீச்சரும் போய் மாற்றிவிட்டோம். கார்டைச் செருகி, பொத்தானை அழுத்தி, இரண்டு எண்ணி விடுகிறேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். போன செவ்வாய் மழை மூட்டத்தில் மூன்றாம் குளத்துப் பலகை உறைந்து நின்றது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. காலையில் தேநீர் குடித்துவிட்டுப் போய்த்தான் பார்த்தேன். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

மீதி நாலு வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. தம்பி செய்ததை அக்கா மூடி மறைக்க வருகிறாள் என்கிறார்கள். கின்-ஷுய் அண்ணன் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "உன் தம்பியோட பேரு உள்ள இருக்கு. நீ ஏத்துறதுல மட்டும் என்ன இருக்குன்னு நான் எப்படி நம்புறது?" கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். நானும் உன்னிடம் அதையே கேட்டவள்தானே.

நவம்பர் 4, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு மீன்வளர்ப்போர் கூட்டத்தில் எல்லோரும் இருப்பார்கள். நீ எனக்கு எழுதியதை அவர்கள் முன்னால் நின்று சொல். விற்றதற்குத் தாள் ஏதாவது இருந்தால் கொண்டுவா. நான் உனக்காகப் பேச மாட்டேன். ரயில் நிலையத்துக்கு வர மாட்டேன்.

பி-யுன்


ஷின்ச்சு
அக்டோபர் 27

அக்கா,

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்தக் கூட்டத்தில் போலீஸ் இருக்குமா? வக்கீல்? கம்பெனியில் யாரோ என் மேசையைக் கிளறியிருக்கிறார்கள். உன் கடிதங்களை நான் வீட்டில்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் இப்போது யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது. நீ ஜூலையிலிருந்து இப்படித்தான் இருந்திருப்பாய்.

யார் இருந்தாலும் வருகிறேன். விற்பனைப் பட்டியலின் நகல் இருக்கிறது. பதினோரு பேருக்கும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு வருகிறேன். ராஜினாமாக் கடிதம் நேற்றுக் கொடுத்தாகிவிட்டது.

சோங்-யென்


கௌஹு
நவம்பர் 9

சோங்-யென்,

நீ பேசி முடித்ததும் வெளியே போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

முதலில் எல்லோரும் உன் பட்டியலைப் புரட்டினார்கள். பிறகு கின்-ஷுய் அண்ணன் எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்து நாற்காலியைத் தூக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். உன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, போன வருஷம் தான் அவசரமாக வலை போட்ட மூன்று நாளையும் அதில் தேடினார். மூன்றும் இருந்தன. விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்று சொல்ல மாட்டேன், மூக்கைச் சிந்தினார்.

உன்னைத் திட்டியவர்கள் நிறையப் பேர். அதையெல்லாம் எழுதவில்லை. உனக்கே தெரியும். கம்பெனி மேல் வழக்குப் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. உன்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். போவாய்தானே?

மீதி நாலு வீட்டுப் பலகையும் மாற்றியாகிவிட்டது. மீன்வளர்ப்போர் சங்கத்துக் கட்டடத்தில் சொந்தமாக ஒரு கணினி வைத்து, பதினோரு வீட்டு எண்களும் அங்கே மட்டும் போய்ச் சேர்வதுபோல் செய்ய வேண்டும் என்கிறார்கள். அதற்கு யாராவது நிரல் எழுத வேண்டும். ஷீ டீச்சர் உன் பெயரைச் சொன்னார். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "எழுதத் தெரிஞ்ச ஆளு. எழுதட்டும். ஒவ்வொரு வரியையும் நான் படிச்சுட்டுத்தான் ஏத்துவேன்" என்றார். அவர் படித்ததை இன்னொருவரும் படிக்க வேண்டும் என்று கின்-ஷுய் அண்ணன் சேர்த்துச் சொன்னார். அவர் டீச்சரையும் நம்பவில்லை. யாரையும் நம்பாமலே எல்லோரும் கையைத் தூக்கிச் சம்மதித்தார்கள்.

இஷ்டம் இருந்தால் எழுது. குறிப்பு எழுதுவதென்றால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதில் எங்கேயும் நான் எழுதவில்லை, பார்த்துக்கொள்.

டிசம்பர் 14 அன்று இரண்டாம் குளத்தில் வலை. மீதி இருக்கிற மடவைக்குச் சினை நன்றாக முத்தியிருக்கிறது, வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இழுக்க ஆள் குறைகிறது. ரப்பர் காலணி உன் அளவு என்ன என்பது மறந்துவிட்டது.

பி-யுன்


கௌஹு
டிசம்பர் 28

சோங்-யென்,

வலை இழுத்த வலி இன்னும் தோளில் இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

டீச்சர் உன் நிரலைப் படித்து முடித்துவிட்டார். இரண்டு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார். கின்-ஷுய் அண்ணன் மருமகள் படித்து இன்னொரு வட்டம் போட்டிருக்கிறாள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், திருத்தி அனுப்பு.

வலை இழுத்த அன்று இரவு நானாக உட்கார்ந்து என் பலகையில் புதிதாக ஒரு பெயர் உண்டாக்கினேன். யாரிடமும் கேட்காமல் செய்தேன். வெட்டிய இணையக் கம்பிக்குப் பதில் புதியது மாட்டியிருக்கிறேன். கடவுச்சொல்லை நீ கிளம்பும்போது மீன் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தேன், கிடைத்திருக்கிறது என்று தெரிகிறது. அந்தப் பெயரில் நுழைந்தால் நாலு குளத்தின் எண்களையும் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது, எங்கேயும் அனுப்ப முடியாது. யார் எந்த நேரத்தில் வந்து பார்த்தார்கள் என்பது என் பக்கம் வரியாக விழும்.

நேற்று ஐந்து தடவை பார்த்திருக்கிறாய். அதில் மூன்று, பகல் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில். அது சாப்பிடுகிற நேரம். முதலில் சாப்பிடு, அப்புறம் பார்.

அக்கா